பதினோராவது நட்டு

அந்தக் கார் எஞ்சினின் மேல்மூடியில், ஹெட்டில், பதினோரு நட்டுகள். இப்போதும் கண்ணை மூடினால் அவை கிடந்த வரிசையிலேயே எண்ணிவிடுவேன். மாத்திரைகளை இரண்டு முறை எண்ணுகிறேன், கேஸ் குமிழை மூன்று முறை தொட்டுப் பார்க்கிறேன். மருமகள் சலித்துக்கொள்கிறாள். அவளிடம் காரணம் சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தலைநகரில், சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பு, கீழ்த்தளம். அப்பா குமாஸ்தா. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி; வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையை அப்படித்தான் சொல்வோம். மொத்தம் இருபத்தைந்து. பஸ்ஸில் போய்வர அவளால் முடியவில்லை என்று, கழித்துக்கட்டிய சர்க்கார் கார் ஒன்றை அப்பா ஏலத்தில் எடுத்தார். அம்மா பின்சீட்டில் படுத்தபடி போவாள். திரும்பியதும் வாளியை அணைத்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். கார் வருவதற்கு முன்பு அவள் இப்படி இருந்ததில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் காரணம் கார்தான். ஒன்பது வயதில் அது பிழையில்லாத கணக்கு.

பதினான்காவது கரண்ட் முடிந்து வரும்போது வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கியது. எஞ்சின் ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிட்டது. அம்மாவின் தம்பி, என் மாமா, விமானப்படையில் ஃபிட்டர். விஷயத்தைக் கேட்டதுமே புது ஹெட் கேஸ்கட்டோடு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவே அழுந்திக் கிடக்கும் தகடு அது. எரிந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடும்.

கழற்றிய நட்டுகளைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். "மருமவனே, இதுக்கு நீதாம்ல காவல். பதினொண்ணு இருக்கு. ஒண்ணு கொறஞ்சா ஒன் காத அறுத்து அதுல மாட்டிருவேன்."

அப்பாவும் மாமாவும் பழைய தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஒரு நட்டை எடுத்துப் போய் அம்மாவின் மெத்தைக்கு அடியில் வைத்தேன். படுத்திருப்பவளை எழுப்பி யாரும் தேடமாட்டார்கள்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக முடுக்க வேண்டுமாம். முதல் சுற்றிலேயே பத்துதான் இருந்தது. என் சட்டைப்பை, டிராயர்ப்பை, சாக்கடை மூடி எல்லாம் பார்த்தார்கள். மாமா அன்றே முகாமுக்குத் திரும்ப வேண்டும். "பத்துல நிக்காது அத்தான். நாளைக்கு ஹோலி, கடையெல்லாம் பந்த். செவ்வாக்கெழம காஷ்மீரி கேட் பார்ட்ஸ் கடையில ஒண்ணு வாங்கிப் போடுங்க."

செவ்வாய் காலை ஒன்பதுக்கே பதினைந்தாவது கரண்ட்; கடை திறக்கும் முன்பே கிளம்ப வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். உள்ளங்கையில் நட்டு. "முதுகுல உறுத்துச்சு. இது ஏதுல?"

 வெளியே அப்பா டார்ச்சோடு காருக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம். அவள் நட்டை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "போல, போய் வெளையாடு."

அப்பா கரிக்கையோடு உள்ளே வந்தார். "நீ எங்கயாச்சும் பாத்தியா?"

"நா எங்க எந்திரிச்சு வந்தேன்?" என்றாள்.

மறுநாள் தெருவெல்லாம் கலர்ப்பொடி. அப்பா தகரடப்பாவைக் கொட்டி, ஏறக்குறைய அதே அளவில் ஒரு நட்டைக் கண்டுபிடித்தார். மரை வேறு என்பது அவருக்குத் தெரியவில்லை. நாலு சுற்று ஏறியது, பிறகு அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி முழு பலத்தோடு அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். நட்டு ஏறும் கம்பி, ஸ்டட், முறிந்து எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது. அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் "க்யா ஹுவா, பாயி சாஹப்?" என்று என்ன ஆச்சென விசாரித்தார். அப்பாவின் நெற்றியில் கொஞ்சம் குலால் பொடி தடவிவிட்டுப் போனார்.

வண்டியைக் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். அப்பா டாக்ஸி கூப்பிடலாம் என்றார். "அந்தக் குலுக்கல் எனக்கு ஆவாது. நம்ம வண்டி வரட்டும்" என்றாள் அம்மா. தினமும் கெஞ்சினார், தினமும் அதே பதில். பதினாறு நாள். ஏழு கரண்ட்.

அந்தப் பதினாறு நாளும் வாளி கட்டிலுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. பத்தாம் நாள் எழுந்து வந்து புளிக்குழம்பு வைத்தாள். எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். என் கணக்கு சரியாகிவிட்ட பெருமை எனக்கு.

கார் வந்த அன்று முடிச்சை அவிழ்த்து நட்டை என் கையில் வைத்தாள். "இந்தா. போதும்." தானே நடந்து போய்ப் பின்சீட்டில் ஏறினாள். இவ்வளவு நாள் விட்டுவிட்டீர்களே என்று டாக்டர் அப்பாவைத்தான் திட்டினாராம். அன்றோடு சேர்த்து இன்னும் நாலு முறைதான் போனாள். மழை தொடங்குவதற்கு முன்பே போய்விட்டாள்.

இருபத்தைந்தில் பதினெட்டு. விட்டுப்போன அந்த ஏழு கரண்டையும் நான்தான் திருடினேன் என்று ஐம்பது வருஷம் கணக்கு வைத்திருந்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன்: அந்தத் திங்கட்கிழமை அப்பா குழாயை மாட்டி அழுத்தியபோது, எழுந்திருக்க முடியாத அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய இன்னொரு கை நட்டை முடிந்த இடுப்பு முடிச்சின் மேல் இருந்தது; அவிழ்க்கவில்லை. என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள், இன்றைக்கு அடி விழாது. அது மட்டும்தான் அன்று எனக்குத் தெரிந்தது.