பெட்டிப் படகு

நெட்ரா ஸ்டாக்ஸ் யாரென்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் யோசிப்பார்கள். கழிவறைப் படகு ஓட்டுகிறவள் என்றால் போதும், வீட்டையே காட்டிவிடுவார்கள்.

ஆர்லோவின் கம்பெனி பயணிகளை ரப்பர் படகில் ஆறு நாள் கேட்டராக்ட் பள்ளத்தாக்கு நதி வழியாகக் கூட்டிப்போகும். அந்தப் பாலைவனக் கரையில் எதையும் விட்டுவரக் கூடாது என்பது சட்டம். எதையும் என்றால் எதையும்தான். இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்து, காரியம் முடிந்ததும் மூடி, கூடவே எடுத்துவர வேண்டும். அந்தப் பெட்டிகளைச் சுமப்பது நெட்ராவின் படகு. முகாமில் மலை நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்துப் பெட்டியை வைப்பதும் அவள்தான். பயணிகள் அந்தக் காட்சியைப் புகழ்ந்து கடிதம் போடுவார்கள். அவள் பெயர் அதில் இருக்காது.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. படகில் மனிதர்களை ஏற்றி ஓட்ட வேண்டும். பத்தொன்பது வருடமாகக் கேட்டுவந்தாள்.

"அதுங்க பக்கத்துல காசு குடுத்து எவன் உக்காருவான் நெட்ரா?" என்பார் ஆர்லோ.

ஆனாலும் பெரிய அலை வரும்போதெல்லாம், "முன்னால சாயுங்க! கயித்தப் பிடிச்சுக்கோங்க!" என்று பெட்டிகளைப் பார்த்துக் கத்துவாள். பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம்.

"பெட்டிங்க சொன்ன பேச்சு கேக்குதா?" என்பான் இரண்டாவது படகோட்டி ட்ரேஸ்.

"ஒன் ஆளுங்களுக்கு இது எவ்வளவோ தேவல."

ஐம்பத்தாறு வயதில் தோள்மூட்டு தேய்ந்துபோனது. இந்த சீசனோடு துடுப்பைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

அந்த நதி நாலைந்து நாள் தூங்கிவழிந்துவிட்டுக் கடைசியில்தான் வேலையைக் காட்டும். அதாவது, பெட்டிகள் நிரம்பிய பிறகு. அவளுடைய கடைசிப் பயணத்தில் ஆர்லோ மூன்று பயணிகளோடு முதலில் அலைகளுக்குள் படகை இறக்கினார். இரண்டாவது அலையில் படகு தோசையைத் திருப்பினாற்போலக் கவிழ்ந்தது. மிதவைச் சட்டை இருந்ததால் நான்கு பேரும் இருமிக்கொண்டே கரையேறினார்கள்.

ட்ரேஸின் படகில் போகவேண்டிய மூன்று பேர் மேலே பாறையில் நின்று அதைப் பார்த்தார்கள். அவர்களில் வில்மா கேஸ் முப்பது வருடம் லாரி ஓட்டியவள்.

"காலி வண்டிதான் தூக்கிப் போடும். லோடு ஏத்துன வண்டி எது?"

ட்ரேஸ் தயங்கி நெட்ராவின் படகைக் காட்டினான்.

"என்ன லோடு?"

"நீங்கதாம்மா," என்றாள் நெட்ரா. "அஞ்சு நாளா, எல்லாருந்தான்."

வில்மா பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். பிறகு ஏறிப் பெட்டிமேலேயே உட்கார்ந்தாள். "இதும்மேல உக்காந்துதான இத்தன நாளும் மலையப் பாத்தோம்?" மற்ற இருவரும், ஒரு பல் மருத்துவரும் மனைவியும், பின்னால் ஏறினார்கள்.

ஆர்லோவிடம் அனுமதி கேட்க வழியில்லை. அவர் கீழே ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கேட்டது கையில் கிடைத்தபோது, நெட்ராவுக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் துடுப்பை எடுத்தாள்.

முதல் அலையில் படகு கனமாக ஏறி இறங்கியது. இரண்டாவது அலை சுவராக எழுந்து வந்தது.

"முன்னால சாயுங்க! கயித்தப் பிடிச்சுக்கோங்க!"

மூன்று முதுகுகளும் ஒன்றாகச் சாய்ந்தன.

நெட்ரா அழுதுவிட்டாள். அழுதுகொண்டேதான் படகை நேராகக் கரைக்குக் கொண்டுவந்தாள்.