கற்பூரவல்லி இல்லாத எண்ணெய்

மூலிகை எண்ணெய்களில் என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் அடையாறு ஆய்வுக்கூடத்தில் என் வேலை. ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மயிலாப்பூரிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு வலிப்பு வந்துடுச்சுக்கா! கண்ணு மேல சொருகிக்கிச்சு!"

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காலையில் வெறும் சளியோடு விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அசையாமல் கிடந்தாள். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"கற்பூரவல்லி எண்ணெய்தான் சார், தேன்ல குழைச்சு. மூலிகைதானேன்னு..." தங்கைக்குக் குரல் உடைந்தது.

அவள் பையில் இருந்த பாட்டிலை வாங்கி முகர்ந்தேன். அந்த இலைக்கே உரிய ஓம வாசனை துளியும் இல்லை. சாமிக்குக் காட்டும் கட்டிக் கற்பூரத்தின் நெடிதான் மூக்கில் ஏறியது. இது கற்பூரம், குழந்தை வயிற்றுக்குள் போனால் வலிப்பையே வரவழைக்கும் விஷம் என்று சொன்னதும் டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே கட்டிலுக்கு ஓடினார்.

மறுநாள் குழந்தை அம்மாவைத் தேடி அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பாட்டிலோடு நேராக ஆய்வுக்கூடம் போனேன். கருவி வரைந்த படத்தில், கற்பூரவல்லியில் நிறைந்திருக்க வேண்டிய கார்வக்ரோல், தைமால் என்ற வாசனைப் பொருள்கள் இரண்டையும் காணோம். கற்பூரம் மட்டும் மலைபோல நின்றது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தியைச் சோதிக்கும் ஊதாக் கரைசலிலும் விட்டுப் பார்த்தேன். அசல் எண்ணெய் பட்டால் மஞ்சளாகிவிடும். இது ஊதாவாகவே இருந்தது. வேலையில் எத்தனையோ கலப்படம் பார்த்தவள்தான். இதை மட்டும் அறிக்கையாக எழுதி வைத்துவிட்டுப் போக முடியவில்லை.

சண்டை போடுவதென்றே தங்கை அந்த எண்ணெயை வாங்கிய மாட வீதிக் கடைக்குப் போனேன். பெரிய கேனிலிருந்து பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், நான் சொன்னதைக் கேட்டு ஊற்றுவதை நிறுத்தினார்.

"இன்னாம்மா சொல்ற? மொத்த யாவாரி கற்பூரவல்லின்னு சொல்லித்தானே குட்த்தான்? எங்க ஊட்லயே பேத்திக்கு இதத்தான் குட்த்துக்கினு கீறாங்க!"

சண்டையை விட்டுவிட்டு, உடனே வீட்டுக்குப் போன் பண்ணுங்கள் என்றேன். அவர் புனலைப் போட்டுவிட்டு, எண்ணெய்க் கையாலேயே போனை அழுத்தினார். அது வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் வாங்கி அழுத்திக் கொடுத்தேன்.

"அம்மாடி, கொயந்த முயிச்சிக்கினு கீதா? அந்த எண்ணெயத் தொடாத! கொட்டிடு, மொதல்ல கொட்டிடு!"