விதையா, மண்ணா?

பிள்ளைகளே, கந்தப்பளையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் சோள ஆராய்ச்சிக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து ஐயா மெலிந்து கூன் விழுந்த மனிதர். பலவகை விதைகளை மேட்டிலும் பள்ளத்திலும் நட்டு, செடி செடியாகக் குனிந்து உயரம் அளப்பார். வளர்த்தி விதையால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று பிரித்தறியத்தான்.

அந்த வாரம் கிளினிக்கில், என் மகளுக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை என்றார்கள். "ஒங்க வம்சமே குட்டை" என்று வீட்டில் நானும் மனைவியும் மாறி மாறிச் சண்டை. ஐயாவிடமே கேட்டேன்.

"எங்க லயத்துப் புள்ளைங்க பூரா குட்டையா இருக்காங்களே, அது விதைங்களா, மண்ணுங்களா?"

அவர் அளவு நாடாவைச் சுருட்டினார்.

"ரெண்டு மண்ணில நட்டாத்தான் சொல்லலாம் தம்பி. உங்களை ஒருத்தரும் வேற மண்ணில நட்டுப் பார்க்கேல்லையே."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.