வெள்ளிக்கிழமைகளில் நின்ற சர்வர்

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கம்ப்யூட்டர் படித்தவள் என்று அங்கே நான் ஒருத்திதான். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். முதலாளி எனக்கென்று கண்ணாடித் தடுப்பு போட்டு ஏசி ரூம் ஒன்று கொடுத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கம்பெனியின் குடோன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. எந்தச் சரக்கு தயார், எது எந்த லாரியில் ஏற வேண்டும் என்பதையெல்லாம் போனில் தொண்டை கிழியக் கத்திச் சொல்வார்கள். அதை ஒரு வெப் பக்கமாகப் போட்டுவிட்டால், குடோன்காரர்கள் மோடத்தில் டயல் செய்து அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கு ராத்திரி பகலாக ஓடும் சர்வர் ஒன்று வேண்டும். அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவது என்பதை முதலாளி என் பொறுப்பில் விட்டுவிட்டார்.

என்னோடு படித்த தோழி அப்போது ஒரு கல்லூரி லேபில் இருந்தாள். லினக்ஸ் போடு, வருஷக் கணக்கில் நிற்காமல் ஓடும் என்று சொல்லி, ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியையும் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு வேலையே இல்லை. ஓசியில் வருவது உழைக்குமா என்று அவளையே கேட்டேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சிரித்தாள்.

நான் கேட்கவில்லை. வீடுகளில் எல்லாரும் வைத்திருந்த, தட்டினால் படம் படமாகத் திறக்கும் சிஸ்டத்தையே போட்டேன். அதுவும் யாரிடமோ வாங்கிய காப்பி சிடி. சர்வராக ஓட்டுவதற்கென்று செய்தது அல்ல அது என்று எனக்கே தெரியும். ஆனாலும் முதலாளி எட்டிப் பார்க்கும்போது திரை பளிச்சென்று இருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

என் ரூமிலேயே வைத்த அந்த சர்வர் கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படியே உறைந்துபோய் நின்றது. குடோனில் லாரியை வைத்துக்கொண்டு எதை ஏற்றுவது என்று தெரியாமல் முழித்தார்கள். மறுநாள் காலை நான் அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமையும் நின்றது. அதற்கடுத்த வெள்ளியும் நிற்கவே, என்ன காரணம் என்று முதலாளி நேரடியாகக் கேட்டார்.

எங்கள் ஆபீஸைக் கூட்டித் துடைக்க சேத்தூரிலிருந்து ஓர் அம்மா வருவார். முதலில் கம்பெனியின் மில்லுக்குள் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசியில் இளைப்பு வந்து மூச்சு விட முடியாமல் போனதால் ஆபீசுக்கு மாற்றியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் தரையைக் கழுவித் துடைத்து, பீரோ, மேஜை, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். எனக்கென்று ஒரு துண்டு பூவும் கொண்டுவருவார். தலையில் பூ இல்லாமல் உட்கார்ந்திருந்தால் விடமாட்டார்.

முதலாளி கேட்டபோது என் சிஸ்டம் சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை கழுவும்போது வயரை இழுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது, ஈரக்கையோடு மிஷினைத் தொடுகிறார்கள் என்றேன். நான் கண்ணால் பார்த்ததில்லை. சொல்லும்போது நானே அதைப் பாதி நம்பினேன் என்பதும் உண்மை. முதலாளி அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் மறுத்துப் பேசவே இல்லை.

“தெரியாம பட்டிருக்குமோ என்னமோ, மொதலாளி. எனக்கு என்ன தெரியுது இதப் பத்தி” என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து அவரைக் கழிவுப் பஞ்சு பிரிக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எந்தத் தூசிக்குப் பயந்து ஆபீசுக்கு வந்தாரோ அதே தூசிக்கே. நான் என் கண்ணாடி ரூமுக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் சர்வர் நின்றது. ரூமுக்குள் யாரும் வரவில்லை, தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவசரமாக அணைத்துப் போட்டுவிட்டு, குடோனிலிருந்து கேட்டபோது டெலிபோன் லைன் கோளாறு என்று ஒரு பொய் சொன்னேன். அந்தக் காலத்தில் அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோழியைக் கூட்டிவந்தேன். அவள் செத்த நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஒவ்வொரு தடவை பக்கத்தைத் திறக்கும்போதும் அந்த சிஸ்டம் கொஞ்சம் நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது, திருப்பிக் கொடுப்பதில்லை. சனிக்கிழமை காலை நான் அணைத்துப் போட்டதும் புதிதாகக் கிளம்பும். வாரம் முழுக்க ஓடி, லோடு அதிகமாகப் போகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூச்சு முட்டி நிற்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அன்றைக்கே லினக்ஸைப் போட்டோம். திரையில் ஒரு அழகும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை.

இங்கேதான் எனக்குப் பெரிய தண்டனை ஆரம்பமானது. சிஸ்டத்தை மாற்றியது எனக்கும் தோழிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவை மாற்றியது எல்லாருக்கும் தெரியும். பார்த்தியா, ஆளை மாற்றினதும் மிஷின் நிற்கவே இல்லை என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சர்வர் ஒழுங்காக ஓடின ஒவ்வொரு நாளும் அந்த அம்மாவுக்கு எதிரான சாட்சியாக ஆகிக்கொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எத்தனையோ நாள் முதலாளி ரூம் வாசல்வரை போயிருக்கிறேன். போய்விட்டு, வேறு ஏதாவது கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு மில் ஆட்கள் எல்லாரும் ஆபீசுக்குப் பொரிகடலை வாங்க வந்தார்கள். பொட்டலம் கொடுக்கிற வேலை என்னுடையது. அந்த அம்மா மட்டும் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். இளைத்து, கழுத்தெலும்பு தெரிந்தது. மூச்சு விடும் சத்தம் எனக்கே கேட்டது. உள்ளே வாருங்கள் என்றேன்.

“வேண்டாம் தாயி. மிஷினு இப்ப நிக்காம ஓடுதாம்லா, கேட்டு நிம்மதியாப் போச்சு. எங்கை ராசி அப்படி. மகளுக்குத் தையல் மிஷினு வாங்கிருக்கோம். இன்னைக்கு அதுக்குப் பொட்டு வைக்கக்கூட அடுத்த வீட்டுக்காரியத்தான் கூப்பிட்டேன். நான் தொட்டு, அதுவும் நின்னுபோச்சுன்னா அவ பொழப்பு என்னாவுறது?”

அவர் என்மேல் கோபமாக இருப்பார் என்று இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். கோபமே இல்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறார்.

அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். முதலாளி, கணக்குப்பிள்ளை, மில் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். தப்பு முழுக்க என்னுடையது, நான் போட்ட சிஸ்டம்தான் நின்றது, அதை மாற்றியதால்தான் இப்போது ஓடுகிறது, இந்த அம்மா எதையும் செய்யவில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். நினைவகம் நிறைவதைப் பற்றியும் விளக்கினேன். ஒருவருக்கும் புரியவில்லை. எல்லாரும் என் கண்ணீரைத்தான் பார்த்தார்கள்.

அந்த அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “அழாத தாயி. நான் தூசியில கெடந்து கஷ்டப்படுதேன்னு, எம்பழிய நீ எடுத்துக்கிடுத. எம்புட்டு நல்ல மனசு ஒனக்கு.”

கூட்டமே ஆமாம் என்றது. இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அந்த நல்ல மனசு பெரிதாகிக்கொண்டே போனது. முதலாளி சிரித்தபடி, சரி, இந்தப் பிள்ளைக்காகவாவது அந்தம்மா ஆபீசுக்கே வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

அவர் திரும்பி வந்தார். இளைப்பும் மெல்லக் குறைந்தது. எனக்குப் பூவும் வந்தது. ஆனால் என் ரூமுக்குள் மட்டும் அவர் கடைசிவரை கால் வைக்கவில்லை. அதை நானே கூட்டிக்கொண்டேன். சேத்தூருக்குப் போய் அவர் மகளிடமும் சொல்லிப் பார்த்தேன். அவளும் காப்பி கொடுத்து, அம்மா உங்களைப் பற்றிப் பேசாத நாளில்லை என்றாள். கல்யாணமாகி நான் வேலையை விட்டுப் போகும்வரை அந்த சர்வர் ஒரு நாளும் நிற்கவில்லை. நான் சொன்ன பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வழி கிடைக்கவில்லை.

இன்றைக்கும் யாராவது எனக்கு நல்ல மனசு என்று சொன்னால் கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அந்தப் பெயர் அந்த அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, நான் எவ்வளவோ முயன்றும் அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.