காதுக்கு மேலே நாலு விரல்

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். எந்த விமான நிலையத்திலும் பெட்டிக்குள் ஒரு நாயைக் கண்டால் என் பார்வை முதலில் போவது அதன் காதுக்குத்தான். அத்தையிடமிருந்து தொற்றிய வியாதி.

அத்தை, அப்பாவின் தங்கை. விமான நிலையச் சரக்குப் பிரிவில், பிராணிகளை வாங்கிக்கொள்ளும் கவுன்டரில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தவர். நாய், பூனை, கிளி, ஒருமுறை நாற்பது ஆமைகள். பெட்டிக்குள் பிராணி நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காது கூரையைத் தொடக்கூடாது. தொட்டால் அத்தை வாங்கமாட்டார். ஒரு பெரிய மனிதர் தன் பூனைக்காக மேலிடத்துக்கே போன் போட்டார். "மேலிடத்துக்குக் காது குட்டையா இருக்கலாம் சார், பூனைக்கு இல்லையே" என்றாராம் அத்தை.

மாலையில் வாசலிலேயே வக்கீல் காத்திருக்கும். எதற்கெடுத்தாலும் எதிர்த்துக் குரைப்பதால் மாமா அந்த நாய்க்கு வைத்த பட்டம் அது. அத்தையின் செருப்பு, பை, சட்டைக்கை எல்லாவற்றையும் மோந்து விசாரித்து முடித்த பிறகுதான் அவரை உள்ளே விடும்.

மாமா இறந்தபின் வீட்டில் அவர்கள் இருவர்தான். வெளிநாட்டிலிருந்த மகள் கூப்பிட்டபோது அத்தை ஒரே நிபந்தனை வைத்தார்: "அவன் வந்தாதான் நான் வருவேன். ரெண்டு பேரும் ஒரே விமானம்."

முதலில் தோலுக்கடியில் அடையாளச் சிப், பிறகு தடுப்பூசி, அப்புறம் சான்றிதழ் என்று வரிசை பிசகாமல் செய்தார். பெட்டி செய்யும் தச்சரை டேப்பைத் தொடவிடவில்லை. "இருபது வருஷமா ஊர்ல உள்ள நாயெல்லாம் பாத்தவ நான், என் நாயை அளக்கத் தெரியாதா?" வக்கீல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. மாமா போனதிலிருந்து அப்படித்தான் நின்றது. காதுக்கு மேலே நாலு விரல் விட்டுப் பெட்டி தயாரானது. இரண்டு மாதம் அதற்குள்ளேயே சாப்பாடு, தூக்கம்.

கிளம்பும் நாளில் நான்தான் வண்டி ஓட்டினேன். சரக்குக் கொட்டகைக்குள் நுழைந்ததும் வக்கீல் மூக்கைத் தூக்கியது. டீசல், அட்டைப்பெட்டி, ஈர வைக்கோல். பன்னிரண்டு வருடமாக அத்தையின் உடுப்பில் வீட்டுக்கு வந்த வாசனை, இங்கே கொட்டகை முழுக்க இருந்தது. கவுன்டரில் அத்தையின் பழைய நாற்காலியிடம் ஓடி, வாலை ஆட்டித் தீர்த்தது. பெட்டிக்குள் ஏறியும் உட்காரவில்லை. நிமிர்ந்து நின்றது. இரண்டு காதும் விறைத்துக் கூரையில் மடங்கின.

அத்தையின் இடத்துக்கு வந்திருந்தவரை எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். அவர் பார்த்தார், சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. முத்திரை போட்டுடவா?"

"தெரியலையா? கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாரு."

"பத்து மணி நேரம்தானே. ஏறினதும் படுத்துடுவான்."

"எழுந்து நின்னா?"

"அத்தை, டிக்கெட் போயிடும்!" என்றேன். "அங்க அக்கா காத்துட்டிருக்காங்க."

"அவ காத்திருப்பா. இவன் சந்தோஷமா நின்னா எவ்வளவு உயரம்னு எனக்கு மறந்தே போச்சுடி. துவண்டு நின்னப்ப அளந்துட்டேன்."

படிவத்தை இழுத்து, 'ஏற்கவில்லை' என்று அத்தையே எழுதினார்.

சாமான்கள் விற்றுப்போன வீட்டுக்கே திரும்பினோம். இருமினால் கூடச் சுவர் பதில் சொன்னது. ஒரே பாய், இரண்டு தட்டு, ஒரு வாளி. ஒன்பது நாள் அப்படி இருந்தோம். மாமா வக்கீலோடு வாதாடித் தோற்ற கதைகளை அத்தை சொல்லிச் சிரித்தது அப்போதுதான். அதன்பின் எத்தனையோ அறைகளில் தங்கிவிட்டேன். அந்தக் காலி வீடு போல் ஒன்றும் நிறைந்திருக்கவில்லை.

தச்சர் புதுப்பெட்டியை இறக்கினார். "இதுல நீங்களும் கூடவே போயிடலாம்மா. டிக்கெட் மிச்சம்."

இம்முறை கொட்டகையில் காது விறைத்தும் மேலே இடம் இருந்தது. சோடாபுட்டி கையை விட்டுப் பார்த்துத் தலையசைத்தார். பெட்டி தள்ளுவண்டியில் ஏறி உள்ளே போனது. கவுன்டருக்கு வெளிப்பக்கம் நின்ற அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு, அங்கே நிற்கும் எல்லோரும் இருபது வருடமாக அவரிடம் கேட்டதையே கேட்டார்:

"தம்பி, தண்ணி வெப்பாங்கல்ல?"