கண்மாய்க் கல்லில் ஒரு கட்டம் அதிகம்

வெள்ளிக்கிழமை மாலைக்குள் விதிப் புத்தகத்தை அனுப்பிவிட வேண்டும், திங்களன்று அச்சு. நான் வடிவமைத்த முதல் பலகை விளையாட்டு பெட்டிக்குள் போய்க் கடைக்கு வரப்போகிறது. புதன்கிழமை காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினேன். வேலை ஒன்றுதான்: கண்மாய் மடையோரம் கிடக்கும் ஒரு கல்லை, வெயில் சாய்வாக விழும்போது நல்லதாக ஒரு படம் எடுக்க வேண்டும். எந்தக் கண்மாய் என்று சொல்லமாட்டேன்.

அந்தக் கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக் கோடுகள் செதுக்கியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டை வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை மடக்கும். அது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே மட்டும் கோடுகளுக்கு வெளியே தனியாக ஒரு சின்னக் கட்டம். கோயில் பிரகாரம், பாறை, சுமைதாங்கி என்று நாலு வருடமாக இதே வேலையாக அலைகிறேன், வேறெங்கும் பார்த்ததில்லை. பார்த்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன்: அது பட்டி! வெட்டுப்பட்ட ஆட்டை அடைக்கிற இடம். அங்கிருந்து ஒரே ஒருமுறை ஒரு ஆட்டை மீட்கலாம் என்று விதி போட்டேன். ஆட்டம் பிரமாதமாக வந்தது. கல்லின் வழவழப்பை வைத்து, 'சில நூறு ஆண்டுகளுக்கு முந்தைய, மறைந்துபோன ஆட்டமுறை' என்று இரண்டு பக்கக் கட்டுரையும் எழுதிச் சேர்த்தாயிற்று. பெட்டி அட்டையிலும் அதே வரி. வடிவமைப்பாளர் என்பதைவிட விளையாட்டு வரலாற்று ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்ளத்தான் எனக்கு ஆசை.

போனால், கல்லில் இரண்டு அக்காமார் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். புளியங்கொட்டை ஆடு, ஜல்லிக்கல் புலி. பக்கத்தில் மண்வெட்டி, சட்டி. நூறு நாள் வேலை. எல்லோரையும் நிறுத்தி எடுக்கிற போட்டோ செல்போனில் ஏறினால்தான் வருகை பதிவாகும். டவர் கிடைக்காமல் காத்திருந்தார்கள்.

"அக்கா, இந்தக் கோடெல்லாம் எந்தக் காலத்துல போட்டது?" என் குரலில் பக்தியே வந்துவிட்டது.

"எந்தக் காலம்? போன வருசத்துக்கு முந்துன வருசம், இந்த மடைக்கிட்ட வேல நடந்துச்சுல்ல, அப்ப. இந்தா ஒக்காந்திருக்காள்ல, இவதான் கொத்துனா. மண்ணு வெட்டச் சொன்னா கல்லுல கோலம் போடுறவ."

"ஒனக்கு ஆடத் தெரியலேன்னா என்னையச் சொல்லு," என்றார் மற்றவர். "எங்க வீட்டுக்காரரு அம்மி கொத்துறவரு, பாப்பா. உளி வீட்ல சும்மாதான கெடக்கு."

"இவ்வளவு தேஞ்சிருக்கே?"

"துணி தொவைக்கிற கல்லு. தேயாம?"

கடைசி நம்பிக்கையாக அந்தக் கட்டத்தைத் தொட்டேன். "இது பட்டிதான?"

இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். கொத்தியவர்தான் சொன்னார்: "பட்டியா! போட்டோவுக்குக் கூப்புட்டா பாதி ஆட்டத்துல எந்திரிச்சு ஓடணும். திரும்பி வந்தா எம்மொறதான்னு இவ சாதிப்பா. அதான், புலி மொறைன்னா அதுல ஒரு ஜல்லி, ஆட்டு மொறைன்னா ஒரு கொட்டை, வச்சுட்டுப் போறது."

"படம் எடுக்கியா? எங்க மூஞ்சி வேணாம், ஊர் பேரும் வேணாம்," என்றார் முதலாமவர். "வேல நேரத்துல வெளையாட்டுன்னு கெளப்பி விட்ருவாக."

பஸ் ஸ்டாப்பில் நின்று, பெட்டியை வெளியிடப்போகும் பதிப்பாளர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்தக் கல்லு பழசு இல்ல."

"எவ்வளவு பழசு இல்ல?"

"ரெண்டு வருசம்."

"அந்தப் பட்டி விதி?"

"அது... நானாப் போட்டது."

"அந்த விதியத்தான எல்லாரும் நல்லாருக்குன்னாங்க? ஒன்னோடத எதுக்கு, செத்துப்போன யாரு பேர்லயோ எழுதி வச்ச?" சிரித்துவிட்டார். "அட்டையும் இன்னும் அச்சுக்குப் போகல. ரெண்டு பக்கத்த மாத்திக் குடு. இதையே நீ அடுத்த வாரம் சொல்லியிருந்தா அருப்புக்கோட்டைக்கே வந்திருப்பேன், ஒதைக்க."

அப்படியே நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டி கடைக்கு வந்த பிறகு இதை வேறொருவர் கண்டுபிடித்து எழுதியிருந்தால், வரலாறு என்று நான் அப்புறம் வாயைத் திறந்திருக்கவே முடியாது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே எழுத ஆரம்பித்தேன். 'பட்டி விதி நான் போட்டது.' இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் பயமாக இருந்திருக்கிறது, நாலே வார்த்தை. அதன் கீழே ஒரு பத்தி: பாதியில் எழுந்து ஓட வேண்டிய ஆட்டத்தில் முறை மறக்காமலிருக்க இரண்டு பெண்கள் ஒரு கட்டம் கண்டுபிடித்தார்கள், யார், எங்கே என்பதை அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டிருக்கிறேன்.

அந்தப் பத்தியில் 'இருக்கலாம்', 'கருதலாம்' எதுவும் போடவில்லை. செதுக்கியவரிடமே கேட்டு எழுதியது. வேறெந்தக் கல்லுக்கும் எனக்கு அது வாய்த்ததில்லை.