ரிலீவர் மாத்திரை

பரோட்டா போட்டியில் என் மாப்பிள்ளையைத் தோற்கடித்தவன் நான். பொய். இரண்டாவது பரோட்டாவிலேயே கடைக்குப் பின்னால் ஓடி வாந்தி எடுத்தேன். என் தட்டில் இருந்ததையும் அவரே தின்றுவிட்டு ஏப்பம் விட்டார்.

மாப்பிள்ளை என்றால் தங்கை வீட்டுக்காரர். சுரங்கத்தில் பர்மனென்ட். நான் கான்ட்ராக்ட். அவருடைய குவார்ட்டர்ஸைப் பார்த்துக்கூட நான் பொறாமைப்பட்டதில்லை. அந்த ஏப்பத்தைக் கேட்டால்தான் எரிகிறது.

எனக்குச் சர்க்கரை. அது வயிற்று நரம்பையே கெடுத்துவிட்டது. காலையில் தின்ற இட்லி சாயங்காலமும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வயிற்றில் நிற்பதைக் குடலுக்குத் தள்ள டாக்டர் கொடுத்த மாத்திரை, வாந்தியில் முழுசாக வெளியே வந்தது. போய்ச் சொன்னேன்.

“மாத்திரை குடலுக்குப் போனாத்தான் வேலை செய்யும். ஒங்க வயிறு அனுப்ப மாட்டேங்குது,” என்றார்.

“வயித்தத் தள்றதுக்குக் குடுத்த மாத்திரையே வயித்துல நின்னுகினு இருக்குதுங்களா?”

“அதாங்க சிக்கல்.”

எங்கள் ஷிப்டில் ஒரு வழக்கம். மாற்று ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்காமல் முன்னால் இருப்பவன் இடத்தைவிட்டு நகரக் கூடாது. என் சர்க்கரை மாத்திரையும் ரிலீவருக்குத்தான் காத்திருக்கிறது என்று நினைத்து இன்னொன்றை விழுங்கினேன். இரண்டும் ஒன்றாக வயிற்றின் கேட்டைத் தாண்டிவிட்டன. சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, மாப்பிள்ளை வீட்டு வாசலில் விழுந்தேன். அவர் போண்டாவை மென்றபடியே என் வாயில் சர்க்கரையைக் கொட்டினார். உயிர் போகிற நேரத்திலும் என் கண் அந்தப் போண்டாவின் மேல்தான்.

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, வயிற்றுக்குத் தண்ணி மருந்தாக மாற்றிக் கொடுத்தார். குழைந்த சோறாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னச் சொன்னார்.

இன்று தங்கை மகனுக்குக் காதுகுத்து. என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. அந்த இலையில் நாலு கவளமாவது தின்று, அது உள்ளேயே நிற்க வேண்டும். சொந்தக்காரர்கள் முன்னால் வாந்தி எடுத்தால் மானம் போய்விடும். மருந்தைக் குடித்துவிட்டு, அது இறங்கட்டும் என்று மண்டபத்து ஓரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே மாப்பிள்ளை கறிக்குண்டான் பக்கத்தில் உப்பு பார்க்கிறார். உப்பு பார்க்க எத்தனை துண்டு வேண்டும்? போன தீபாவளிக்கும் இப்படித்தான், அவர் ஒரு தொடைக்கறியை—

“மச்சான், எழுதிக்கினே இருந்தா எப்டி? ஒங்க எல காலியா கெடக்குது. நீங்க ஒக்காந்தாத்தான் எனக்குச் சோறுன்னு ஒங்க தங்கச்சி கரண்டியப் புடுங்கிட்டா. வாங்க, பசி உசுரு போவுது.”

அவருக்குப் பசிக்கிறதாம். மெதுவாகத்தான் போவேன்.